பழி ராம் மேலா, பிராசஸர் மேலா?

கே: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. முகூர்த்த சீசனுக்கு முன்னால் அதே கம்பெனியில், அதே 6000 வேகத்தில் இன்னும் இரண்டு 32 ஜிபி வாங்கிச் சேர்த்தேன். அன்று பிடித்தது சனி. சில நாள் ஆன் செய்தால் ஐந்து நிமிடம் வரை திரை கறுப்பாகவே இருக்கிறது. ரெண்டர் பாதியில் நிற்கிறது, புளூ ஸ்க்ரீன் வருகிறது. வந்து பார்த்த டெக்னீஷியன், "பிராசஸர் போயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார். மாற்றிவிடலாமா?
- வாசகர், மதுரை

ப: பர்ஸை உள்ளே வையுங்கள். ராம் சேர்த்த நாளில் தொடங்கிய கோளாறுக்கு முதலில் ராமைத்தான் விசாரிக்க வேண்டும். பிராசஸர் போயிடுச்சு என்று சொல்வது சுலபம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருப்பவற்றில் எஸ்.எம்.பி.எஸ் (உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி), ராம், டிஸ்க் எல்லாம் தகராறு செய்த பிறகுதான் பெரும்பாலும் பிராசஸரின் முறை வரும்.

உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் ராம் வேகம், இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கு போட்டால் 3600தான். நீங்கள் பயன்படுத்தும் 6000, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) 'எக்ஸ்போ' என்பதை ஆன் செய்ததால் கிடைத்த உபரி வேகம். அந்த வேகத்தை ராம் கம்பெனி சோதித்துப் பார்த்தது ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஸ்டிக்கை வைத்துத்தான். நீங்கள் வாங்கியது இரண்டு தனித்தனிப் பெட்டி. மேலே ஒட்டிய லேபிள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு வேறாக இருக்கலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் பிராசஸரிலிருந்து ராமுக்குப் போகும் சேனல் இரண்டுதான். ஒரே சேனலில் இரண்டு ஸ்டிக் உட்கார்ந்தால் சிக்னல் கலங்கும். டிடிஆர்4 காலத்தில் அது ஓரளவு தாங்கியது, டிடிஆர்5 வேகத்தில் தாங்குவதில்லை. அந்தக் கறுப்புத் திரையும் இந்த வகைதான்: ராமோடு எந்த நேரக் கணக்கில் பேசலாம் என்று போர்டு ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிறது. 'மெமரி டிரெய்னிங்' என்பார்கள். பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்று இரவே பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை ஆஃப் செய்யுங்கள். நான்கு ஸ்டிக்கோடும் இரண்டு நாள் வேலை பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் வழக்கு முடிந்தது, பிராசஸர் நிரபராதி. நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு எரர் தெரிந்தாலும் தோல்விதான். 'ஒண்ணுதானே' என்று விடக்கூடாது. அந்த ஒரு எரர், நாளை மணமகள் போட்டோவின் கீழ்ப்பாதியைச் சாம்பல் நிறமாக்கலாம். எந்த ஸ்டிக் கெட்டது என்று அறிய, ஒவ்வொன்றையும் தனியாக, பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். இரண்டு மட்டும் போடும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகித் தருகிற கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லா ஸ்டிக்கும் தேறி, எக்ஸ்போ ஆஃபில் இருந்தும் சிஸ்டம் விழுகிறது என்றால்தான் பிராசஸர் பக்கம் திரும்ப வேண்டும். விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, 'வியா-லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 18ஆம் எண் பதிவு இருக்கிறதா பாருங்கள். அதில் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால், பிராசஸருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கோர்களில் குறிப்பிட்ட ஒன்று தகராறு செய்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போதும் மாற்றும் முன் வாரன்டியைப் பாருங்கள், பெட்டியோடு வாங்கிய ரைசனுக்கு மூன்று வருடம் உண்டு.

இனி உங்களுக்கு 128 ஜிபி தேவையா என்று பார்ப்போம். பெரிய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து ரெண்டர் போட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைக் கவனியுங்கள். ராம் பயன்பாடு 64 ஜிபியைத் தாண்டவே இல்லையென்றால் புதிய இரண்டையும் கழற்றி விற்றுவிட்டு நிம்மதியாக 6000இல் ஓட்டுங்கள். தாண்டுகிறது என்றால் நான்கையும் வைத்துக்கொண்டு 3600இல் ஓட்டலாம். ராம் போதாமல் டிஸ்கில் போய் எழுதுவதைவிட மெதுவான ராம் எவ்வளவோ மேல். 48 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே பெட்டியில் 96 ஜிபியாகக் கிடைக்கிறது. வேகமும் அளவும் சேர்ந்து வேண்டுமென்றால் என் ஓட்டு அதற்கு. ஆனால் போர்டின் பயாஸை முதலில் அப்டேட் செய்யுங்கள், பழைய பயாஸுக்கு 48 ஜிபி ஸ்டிக் புரியாது.

கே: பம்ப் பாகங்களை சாலிட்ஒர்க்ஸில் வரையும் சிறிய டிசைன் ஆபீஸ் எங்களுடையது. தெரிந்தவர் ஒருவர் இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ9 சிஸ்டத்தைப் பாதி விலைக்குத் தருகிறார். இன்னொருவர் இரண்டு ஜியான் பிராசஸர், மொத்தம் 28 கோர் உள்ள பழைய ஒர்க்ஸ்டேஷன் தருகிறார். எதை எடுக்கலாம்?
- வாசகர், கோயம்புத்தூர்

ப: ஜியானை விடுங்கள். மாடலிங்கில் பெரும்பாலான வேலையை ஒரே ஒரு கோர்தான் இழுக்கிறது. ஒரு ஆள் நிற்கிற லேத்துக்கு 28 பேரைக் கூட்டி வந்த கதைதான். சிமுலேஷனும் ரெண்டரிங்கும் நாள் முழுக்க ஓடும் ஆபீஸ் என்றால் மட்டும் கோர் கணக்கு பேசும்.

ஐ9 விஷயத்தில் ஒரு பின்கதை உண்டு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள், அவற்றின் மைக்ரோகோடில் (பிராசஸரை உள்ளிருந்து இயக்கும் கட்டளைகள்) இருந்த தவறால் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு இழுத்தன என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. நாள்பட அது பிராசஸரையே அரித்தது. ஆகஸ்ட்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. திருத்தம் மேற்கொண்டு கெடுவதைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. எனவே விற்பவரிடம் "பயாஸ் அப்டேட் ஆகியிருக்கா?" என்று கேட்டால் போதாது. எப்போது செய்தார் என்று கேளுங்கள். அதற்கு முன் எத்தனை மாதம் ஓடியது என்பதுதான் கணக்கு.

பெட்டியும் பில்லும் இருக்கிறதா? பெட்டியோடு விற்ற இந்தப் பிராசஸர்களுக்கு வாரன்டியை இன்டெல் மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீட்டியது. பெட்டியில்லாத 'ட்ரே' சரக்கு என்றால் சிஸ்டம் விற்றவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

நேரில் போய் உங்கள் பெரிய அசெம்பிளி ஒன்றை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பல ஜிபி உள்ள 7-ஜிப் கோப்பை நான்கைந்து முறை பிரியுங்கள். நல்ல கோப்பு பிரியும்போது எரர் வந்தாலோ, கிராபிக்ஸ் மெமரி தாராளமாக இருந்தும் போதவில்லை என்று செய்தி வந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டர் பழைய விபத்துகளைத் தேதியோடு காட்டும். நேற்றுத்தான் விண்டோஸ் புதிதாகப் போட்டு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், ஏன் போட்டார் என்று யோசியுங்கள்.

நானாக இருந்தால் பில் இல்லாமல் தொடமாட்டேன். உங்கள் வேலைக்கு ஐ9 அவசியமே இல்லை. புதிய ரைசன் 7 9700எக்ஸ் அல்லது கோர் அல்ட்ரா 5 245கே, 16 ஜிபி ராம் இரண்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ் போதும். இந்தக் கோர் அல்ட்ரா வரிசைக்கு மேலே சொன்ன கோளாறு இல்லை என்று இன்டெல் சொல்லியிருக்கிறது.

கே: வீட்டில் ஆன்லைன் டியூஷன் எடுக்கிறேன். 10ஆம் தலைமுறை ஐ5. ராம் கூட்ட வேண்டும் என்று மாடலைச் சொல்லிக் கேட்டதற்கு, கடைக்காரர் 32 ஜிபி டிடிஆர்4 ஒன்றை மலிவாகத் தந்தார். செருகினால் சிஸ்டம் ஆன் ஆகவில்லை. "சர்வர் ராம்மா, நல்லாத்தான் இருக்கு, ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்.
- வாசகி, ஈரோடு

ப: லேபிளில் 'பிசி4-2400டி-ஆர்' என்பதுபோல் எழுதியிருக்கும். வேகத்துக்குப் பின்னால் வரும் 'ஆர்' என்ற எழுத்து, அது ரிஜிஸ்டர்டு ராம், சர்வருக்கானது என்பதைச் சொல்கிறது. உங்களுக்குத் தேவை 'யு'. டிடிஆர்4இல் இரண்டுக்கும் ஸ்லாட் வெட்டு ஒன்றே என்பதால் சிக்கலில்லாமல் உள்ளே இறங்கிவிடும், ஆனால் சாதாரண போர்டு அதோடு பேசாது. டிடிஆர்5இல் வெட்டையே மாற்றி வைத்துவிட்டார்கள், நல்ல வேளை. பழைய ராமை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் சிஸ்டம் எழுந்துவிடும்.

கடைக்காரர் சொல்வது பாதி உண்மை, பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மாடலைச் சொல்லிக் கேட்டவருக்குப் பொருந்தாததைத் தந்தது அவர் தவறு. வாட்ஸ்அப்பில் மாடல் எண்ணை அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். ஒரு முறை எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிழைப்புக்காகச் சொந்தமாக டியூஷன் எடுப்பவர் என்பதால், 'வியாபாரத்துக்கு வாங்கினார்' என்று உங்களைத் தள்ளிவிட முடியாது. பில் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. "பில் போட்டா 18 பர்சன்ட் ஆகும்" என்ற பேச்சுக்குத் தலையாட்டியிருந்தால் பணம் அனுப்பிய யுபிஐ ரசீதைத் தேடி எடுங்கள். பில் தர மறுப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான்.

கே: டிடிஆர்5இல் ஈசிசி (மெமரிப் பிழையைத் திருத்தும் வசதி) உள்ளேயே இருக்கிறதாமே? தனியாக வாங்க வேண்டாமா?
- வாசகர், நாகர்கோவில்

ப: அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து பிராசஸருக்கு வரும் வழியில் நடப்பது அதற்குத் தெரியாது, உங்களிடம் எதுவும் சொல்லவும் சொல்லாது. நாள்கணக்கில் ஓடும் கணக்கீடு, ஆபீஸ் முழுக்க நம்பியிருக்கும் ஃபைல் சர்வர் என்றால் உண்மையான ஈசிசி ராம் வாங்குங்கள், 'ஆர்' இல்லாத வகை. ரைசனில் பல போர்டுகள் ஏற்கும். இன்டெல் 12 முதல் 14 வரை என்றால் டபிள்யூ680 போர்டு வேண்டும்.

கே: ராம் விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா? இப்போது இருப்பது ஏஎம்4 போர்டு, ரைசன் 5 2600, 32 ஜிபி டிடிஆர்4.
- வாசகர், திருச்சி

ப: ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மைக்ரான், தன் குரூஷியல் பிராண்டைச் சில்லறைச் சந்தையிலிருந்து எடுப்பதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இறங்கும் தேதியை ஜோசியர்தான் சொல்ல வேண்டும்.

நல்லது என்னவென்றால், நீங்கள் ராம் வாங்கவே வேண்டாம். இருக்கிற 32 ஜிபியையும் போர்டையும் அப்படியே வைத்துக்கொண்டு ரைசன் 7 5700எக்ஸ் மட்டும் மாற்றினால் எட்டு கோர் கிடைக்கும், வித்தியாசம் நன்றாகவே தெரியும். உங்கள் போர்டு அதை ஏற்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். ஏற்கும் என்றால், பழைய 2600 சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு செய்யலாம் என்று நினைத்தால், அப்டேட் செய்யத் திரையே வராது.