வாசகர் கேள்வி-பதில்: வங்கதேசத்தில் யார் கையால் வந்தது வளர்ச்சி?

கேள்வி: துபாயில் என் அறையில் நாலு பேர் வங்கதேசத்துக்காரர்கள். நல்ல மனிதர்கள். தங்கள் நாடு முன்பு போல இல்லை, நன்றாக முன்னேறிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் ஏன் நம்மைவிடக் குறைந்த சம்பளத்துக்கு இங்கே வந்து கிடக்கிறார்கள்?
– வாசகர், கீழக்கரை

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான் தம்பி. 1971ல் விடுதலை, 1974ல் பஞ்சம் என்று தொடங்கிய நாடு அது. அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் 50 வயதைத் தொடவில்லை, இன்று 70ஐத் தாண்டிவிட்டது. ஒரு தாய்க்கு ஆறேழு பிள்ளைகள் என்பது இரண்டாகக் குறைந்திருக்கிறது. நெல் விளைச்சல் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சமே பெரிய நிலத்தில் 17 கோடிப் பேர் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் உள்ளூரில் வேலை இல்லை. 2024 ஜூலையில் மாணவர்கள் தெருவுக்கு வந்து, கடைசியில் ஆட்சியே மாறியதே, அது தொடங்கியது அரசு வேலை ஒதுக்கீட்டுப் பிரச்சினையில்தான். படித்த பிள்ளைக்கு வேலை இல்லை என்ற கோபம் அதில் இருந்தது.

வெளிநாட்டில் இருந்து அவர்கள் அனுப்பும் பணம் வருடத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் ஏஜென்டுக்குக் கொடுக்க நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி வருகிறவர்கள் ஏராளம். முதல் ஒன்றிரண்டு வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே போய்விடும். உங்கள் அறைக்காரர்கள் ஓவர்டைமை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

கேள்வி: நான் கடலில் பாசி எடுக்கிறேன். குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்டவே வருமானம் சரியாகிறது. கூட்டத்துக்கு வந்த மேடம் ஒருவர், வங்கதேசப் பெண்கள் இப்படிச் சின்னக் கடன் வாங்கித்தான் முன்னேறினார்கள் என்றார். நிஜமா?
– வாசகி, மண்டபம்

பதில்: பாதி நிஜம் அக்கா. மீதிப் பாதியை யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த முகமது யூனுஸ், 1976ல் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி செய்யும் பெண்களைப் பார்த்தார். மூங்கில் வாங்கப் பணம் கொடுப்பவரும் யாவாரி, முடித்த முக்காலியை அவர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்பவரும் அதே யாவாரி. அப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் மொத்தக் கடனும் 27 டாலர்தான். அதைத் தன் கையில் இருந்து கொடுத்தார். அதுதான் 1983ல் கிராமீன் வங்கி ஆனது, 2006ல் நோபல் அமைதிப் பரிசு வரை போனது. கடன் வாங்கியவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் பெண்கள். யாவாரியின் பிடியில் இருந்து விடுவிக்கக் கடன் உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கடன் மட்டும் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தாது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சிறுகடனை ஆராய்ந்த முடிவுகள் 2015ல் வெளிவந்தன. கடன் வாங்கியவர்களின் வருமானம் பெரிதாக மாறவில்லை என்றுதான் அவை சொல்லின.

அப்புறம் வங்கதேசத்தில் என்னதான் நடந்தது? ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972ல் தொடங்கிய பிராக் அமைப்பு, 1980ல் இருந்து பத்து வருடம் வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பியது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர் கலந்து கொடுக்கத் தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். போனது ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பணியாளருக்குக் கூலி கணக்கிட்ட முறை. சில வாரம் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாயிடமே கேட்பார், அவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கூலி. அதனால் ஒப்புக்குச் சொல்லிவிட்டு வரவே முடியாது. 1994ல் இருந்து கிராமத்துப் பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போக அரசு உதவித்தொகை கொடுத்தது. கடனே வாங்க முடியாத பரம ஏழைகளுக்கு 2002ல் பிராக் வேறு வழி எடுத்தது, அதாவது கடனுக்குப் பதில் ஒரு பசு மாடு, கொஞ்ச காலத்துக்குக் கைச்செலவுப் பணம், வளர்க்கப் பயிற்சி. அந்தக் குடும்பங்களின் வருமானம் வருடங்கள் கழித்தும் கீழே இறங்கவில்லை.

உங்களுக்கு என் யோசனை இது: ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்த யாவாரிக்கே பாசியைப் போடுகிறீர்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அடுத்த கடனை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல், குழுவாகச் சேர்ந்து முதலில் அந்த முன்பணத்தை அடைக்கப் பயன்படுத்துங்கள். பாசியை ஒன்றாகக் காயவைத்து, மொத்தமாக எடை போட்டு, ரெண்டு மூன்று பேரிடம் விலை கேட்க முடிந்தால்தான் தவணை போகக் கையில் ஏதாவது நிற்கும்.

கேள்வி: என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வங்கதேசத்தில் பிரச்சினை வந்தால் நமக்கு ஆர்டர் கூடும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். இது நல்லதுதானே?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: இதில் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. 1979ல் ஒரு வங்கதேசக் கம்பெனி 130 பேரைத் தென்கொரியாவுக்கு அனுப்பித் தையல் தொழில் கற்க வைத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு சொந்தமாகவோ வேறு முதலாளிகளோடோ கம்பெனி தொடங்கினார்கள். ஏழை நாடு என்பதால் ஐரோப்பாவில் வரியில்லாமல் விற்கும் சலுகையும் கிடைத்தது. இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் இருக்கிறார்கள். சுமார் 40 லட்சம் தொழிலாளர்கள், அதில் பெண்களே அதிகம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு இவர்கள் தைத்தது.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக்காரர்கள் தங்கள் ஆட்களை வரவேண்டாம் என்றார்கள், ஆனால் ஆடைக் கம்பெனிக்காரர்கள் தையல் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். அதன்பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டு, கட்டடங்களைச் சோதிக்கத் தொடங்கின. 2023 கடைசியில் ஆடைத் தொழிலாளர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாகா (வங்கதேசப் பணம்) ஆனது. தொழிலாளர்கள் கேட்டது 23,000.

உங்கள் தங்கையின் பிரச்சினையும் இதுதான். அங்கே கூலி குறைவாக இருக்கும்வரை, "அவர்கள் இவ்வளவுக்குத் தைக்கிறார்களே" என்று இங்கேயும் கூலியை அமுக்குவார்கள். இன்னொன்று, அங்கே போகும் நூலில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. அவர்கள் மெஷின் நின்றால் நம் நூற்பாலைகளும் அடி வாங்கும்.

கேள்வி: அங்கேயும் நம்மைப் போல் மீன்பிடித் தடைக்காலம் உண்டா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உண்டு. முன்பு மே 20ல் தொடங்கி 65 நாள். அவர்கள் கரையில் இருக்கும்போது இந்தியப் படகுகள் வந்து அள்ளுகின்றன என்று வெகுகாலம் குறைப்பட்டார்கள். 2025ல் ஏப்ரல் 15 முதல் 58 நாள் என்று நம் தடைக்காலத்தை ஒட்டி மாற்றிவிட்டார்கள். இதுபோக, அவர்கள் உயிராக நினைக்கும் இலிஷ், நாம் உல்லம் என்கிற மீன், முட்டையிடும் அக்டோபரில் 22 நாள் தடை. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு இலிஷை நவம்பர் முதல் ஜூன் வரை பிடிக்கக் கூடாது. அந்த 22 நாள் தடையில் பதிவு பெற்ற குடும்பத்துக்கு 25 கிலோ அரிசி தருகிறார்கள். பதிவில் பேர் இல்லாத கூலி ஆளுக்கு அதுவும் கிடைக்காது.

தடை நாட்களில் வீட்டுச் செலவுக்கு மீன் மண்டி யாவாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள், அதற்கு தாதன் என்று பேர். வாங்கியவர் மீனை அவருக்கே போட வேண்டும், விலையும் அவர் சொல்வது, கமிஷனும் பிடித்துக்கொள்வார். உங்கள் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் படகில் வரும் கூலி ஆட்களின் பேர் மீனவர் நலவாரியப் பதிவில் இருக்கிறதா என்று தடைக்காலம் வரும் முன்பே சங்கத்தில் கேட்டுவிடுங்கள்.