யாங்கோன் மழையும் நம் உடுப்பும்: கேள்வி பதில்

யாங்கோனில் 28 ஆண்டுகளாகத் தையல் கடையும் அதை ஒட்டி ஒரு சிறிய அழகு நிலையமும் நடத்தி வருகிறேன். மே மாதம் மழை இறங்கிவிட்டால் அக்டோபர் வரை இந்த ஊரில் துணியும் காயாது, தலையும் காயாது. வந்திருக்கும் கேள்விகளில் பல அந்த ஈரத்தைப் பற்றியவைதான்.

பொட்டலத் தனக்கா பூசினால் முகம் எரிகிறது, அக்கா. அம்மா கட்டையை அரைத்துப் பூசச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே? (கல்லூரி மாணவி, தாக்கேத்தா)

ஒன்றல்ல, தங்கை. தனக்கா என்பது பர்மியர்கள் கட்டையை அரைத்து முகத்துக்குப் பூசும் விழுது. பொட்டலத்தில் வாசனையும் வேறு பொடிகளும் கலந்திருக்கலாம். உன் தோலுக்கு அவற்றில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சொல்வதைக் கேள்.

தனக்காக் கட்டை எங்கிருந்தோ வந்த அதிசயப் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் விளாமரம் என்பார்களே, அதிலிருந்தும் மகாவில்வத்திலிருந்தும்தான் வருகிறது. இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். ஷ்வேபோ கட்டையும், பக்கோக்கூ பக்கத்து ஷின்மதௌங் கட்டையும் பேர்போனவை. வட்டக் கல்லில் ஒரு கைப்பிடி நீர் தெளித்து, பட்டையுள்ள பக்கத்தைக் கல்லில் வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது. கல்லின் ஓரத்துப் பள்ளத்தில் சந்தனம்போல இளமஞ்சள் விழுது வந்து சேரும். மோர் பதத்தில் இருக்கும்போதே எடுத்துவிடு. கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். அன்று அரைத்ததை அன்றே பூச வேண்டும். இந்த ஈரத்தில் மறுநாளே புளித்துவிடும். முதல் முறை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறு. கட்டையாலும் அரிப்பு வருகிறவர்கள் உண்டு.

வெயிலைத் தனக்கா ஓரளவு தடுக்கும். அதை மட்டும் நம்பி நடுப்பகலில் குடையில்லாமல் கிளம்பிவிடாதே.

மகளுக்கு மூன்று மாதத்தில் திருமணம். ஒரே வாரத்தில் நிறம் தரும் என்று சந்தையில் ஒரு கிரீம் தருகிறார்கள். வாங்கலாமா, அம்மா? (பகோ)

வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே வாரத்தில் தோலை வெளுக்கச் செய்யும் பெயரில்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும். அது தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவுற்றால் குழந்தையையும் தொடும். மினமாட்டா என்ற உலக உடன்படிக்கை 2020க்குப் பிறகு இத்தகைய கிரீம்களைத் தயாரிப்பதையும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதையும் தடுத்திருக்கிறது. டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதவில்லையா, அல்லது 'மெர்க்குரி', 'கேலோமெல்' என்று கண்ணில் படுகிறதா, அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாநிறப் பெண்ணுக்கு அரக்கும் மாம்பழ மஞ்சளும் எடுப்பதுபோல வெளுத்த முகத்துக்கு எடுக்காது. 28 ஆண்டுகளாக மணப்பெண்களை அலங்கரித்துச் சொல்கிறேன். இந்த மூன்று மாதமும் உங்கள் மகள் நேரத்துக்குத் தூங்கட்டும்.

அலுவலகத்துக்குக் கைலிதான் கட்டுகிறேன். மழைக்காலம் வந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் தந்த களிம்பைப் போட்டால் அடங்கி, நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது. (மோல்மீன்)

தம்பி, அந்தக் களிம்புக் குழாயை எடுத்துப் படியுங்கள். 'பீட்டாமெத்தசோன்' அல்லது 'குளோபீட்டசால்' என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டு, அடியில் பூஞ்சையை வளர்த்துவிடும். அதை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சைக்கு மட்டுமான மருந்தைத் தந்தால், தடம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை போட வேண்டும்.

மற்றது உங்கள் கையில் இருக்கிறது. பாலியெஸ்டர் கலந்த கைலி பளபளக்கும், ஆனால் வேர்வையை உறிஞ்சாது. முழுப்பருத்தி எடுங்கள். நனைந்து வந்தால் மாற்றிக்கொள்ள அலுவலகத்தில் ஒன்று மடித்து வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையை உடம்பில் போட்டுக் காயவைக்கும் பழக்கம் வேண்டாம். இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் ஓட்டிவிட்டு உடுத்துங்கள். ஒரே துண்டை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினால் எல்லோருக்கும் வரும்.

புதுக் கைலி சாயம் விடுகிறது. உப்புப் போட்டு ஊறவைத்தால் நிற்குமா?

நிற்காது. சாயமேறி முடிந்த துணியில் உப்பு ஒன்றும் செய்யாது. முதல் மூன்று நான்கு முறை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, உள்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப் போடுங்கள்.

உறவினர் திருமணத்துக்குக் காரைக்குடி போகிறேன். மாண்டலே பட்டுப் பசோவும் (ஆண்கள் விழாவுக்குக் கட்டும் கைலி) தைபோன் சட்டையும் (பர்மிய மேல்சட்டை) எடுத்துப் போகலாமா? (இளைஞர், தன்லின்)

எடுத்துப் போங்கள், ஆனால் தாலி கட்டும் நேரத்துக்கு வேட்டி கட்டுங்கள். இங்கே பசோ கட்டித் தைபோன் போட்டால் மாப்பிள்ளைக் கோலம். அங்கே கைலி என்பது வீட்டில் உடுத்துவது; மண்டபத்துக்குக் கட்டி வந்தால் பெரியவர்கள் வருந்துவார்கள். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது, குற்றமில்லை. மாலை விருந்துக்குப் பசோவை உடுத்தி, எங்கள் நாட்டு மரியாதை உடை இது என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பக்கத்துப் பல வீடுகளில் தாத்தா பர்மாவில் இருந்தவராக இருப்பார். உங்களைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள்.

பாட்டியின் அமரபுரா அச்செய்க்கும் (இடுப்பில் உடுத்தும் அலைக்கோலப் பட்டு) என் காஞ்சிப் பட்டும் டிரங்குப் பெட்டியில். திறந்தால் வெள்ளைப் புள்ளிகள். அழுகையே வந்துவிட்டது.

அழாதீர்கள், புதுப் புள்ளியானால் போய்விடும். இரண்டையும் வீட்டுக்கு வெளியே எடுத்து வந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு மென்மையான தூரிகையால் ஒரே பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணியால் தேய்த்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும். பிறகு காற்றோட்டமான நிழலில் அரை நாள்.

அச்செய்க்கில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இடுப்பில் தைத்த கறுப்புப் பட்டை. அது பருத்தி, ஈரத்தைப் பிடித்து வைத்து, ஒட்டியிருக்கும் பட்டுக்கும் கடத்தும். பட்டை மங்கி நாறினால் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். பட்டுத் துணியில் கை வைக்காதீர்கள். இந்த நெசவை லுன்தயா என்பார்கள்; நூறு நாடா, அதாவது தறியில் நூலை ஓட்டும் ஓடம் நூறு, என்று பொருள். நூறு நாடாக்களைக் கையால் கோத்து அந்த அலையை நெய்திருக்கிறார்கள். கல் வைத்த வளையல் ஒன்று மாட்டி இழுத்தால் போதும், அலை குலைந்துவிடும். உடுத்தும் நாளில் வளையலைப் பார்த்துப் போடுங்கள்.

காஞ்சிப் பட்டின் சரிகையில் வெள்ளி உண்டு. ஈரக்காற்றில் கறுக்கும், அத்தர் பட்டாலும் கறுக்கும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டை துணியைத் தொடாமல் மூலையில் இருக்கட்டும். மழை ஓயும் நாளெல்லாம் பெட்டியைத் திறந்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும்.

அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி நல்லதா?

இல்லை. மருதாணி செம்மையாகத்தான் பிடிக்கும், சில மணி நேரம் ஆகும். சட்டென்று கறுப்பது முடிச்சாயத்தின் வேலை. கொப்புளம் வெடித்துத் தழும்போடு வந்த பெண்ணின் கையை இதே கடையில் பார்த்திருக்கிறேன்.

தயோ கின்புன் நல்லதா, ஷாம்பு நல்லதா?

கின்புன் நம் சீயக்காய்தான், அம்மா. திங்ஜான் நீர்த் திருவிழா முடிந்து புத்தாண்டில் பர்மியர்கள் பெரியவர்களுக்குத் தலை அலசிவிடுவது இதில்தான். நமக்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல்போல. சீயக்காய் அழுக்கை எடுக்கும், தயோ மரப்பட்டையின் வழவழப்பு சிக்கை எடுக்கும். சந்தையில் பையில் கட்டி விற்பதை அன்றே பயன்படுத்துங்கள். கண்ணில் படாமல் பின்னால் சாய்ந்து அலசுங்கள். எண்ணெய் அதிகம் வைப்பவர்களுக்கு இது மட்டும் போதாது, இடையில் ஒரு நாள் ஷாம்பு போடலாம். எதில் குளித்தாலும் ஈரத்தலையைக் கொண்டையிட்டு வேலைக்கு ஓடாதீர்கள். மழைக்கால முடி நாற்றத்துக்கும் பொடுகுக்கும் பாதிக் காரணம் அதுதான்.

வெற்றிலைக் கறை பல்லில் போகவில்லை. எலுமிச்சை தேய்க்கலாமா?

தேய்த்தால் பல்லின் மேற்பூச்சுதான் கரையும். பல் மருத்துவர் ஒரே அமர்வில் சுத்தம் செய்துவிடுவார். பாக்கை நிறுத்துங்கள், தம்பி. பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்பது உறுதியான செய்தி. வாயில் ஆறாத வெள்ளைத் திட்டு இருந்தால் கறையைப் பிறகு பார்க்கலாம், அதை முதலில் காட்டுங்கள்.

மாண்டலே வெல்வெட் செருப்பு இரண்டே மழையில் பிய்ந்துவிட்டது.

அது மழைக்குச் செய்த செருப்பு இல்லை. வழியில் ரப்பர் செருப்பு போடுங்கள், வெல்வெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் மாற்றுங்கள். நனைந்துவிட்டால் செய்தித்தாளைச் சுருட்டி வாரின் அடியில் செருகி, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும்.