வண்டியைக் கேளுங்கள்: டிரெய்லர் பிரேக், பாரம், ஹிட்ச்

கேள்வி: தோட்டப் பராமரிப்புத் தொழில் செய்கிறேன். என் பிக்கப் 4,300 கிலோ இழுக்கும் என்று கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு சின்ன மண் அள்ளும் இயந்திரத்தை ஏற்றினால் மொத்தம் 3,200 கிலோதான். தாராளமாக இழுக்கலாம் அல்லவா?
— வாசகர், பிராம்டன்

இழுக்கும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். 'ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது' என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லரின் மூக்கு, அதாவது முன்முனை, பிக்கப்பின் பின்னால் உள்ள ஹிட்ச் என்ற இணைப்பின் மேல் அழுத்தும் பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் ஸ்டிக்கரில் 640 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3,200 கிலோ டிரெய்லருக்கு மூக்குப் பாரம் 12 சதவீதம் என்றால் 384 கிலோ. இரண்டு பேர் 160, பின்பெட்டியில் கருவிகளும் பெட்ரோல் கேனும் 110, ஹிட்ச் இரும்பு 25. கூட்டினால் 679. இழுக்கும் திறனில் ஆயிரம் கிலோ மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறனில் 39 கிலோ கூடிவிட்டது! பின் ஸ்பிரிங் தாழும், முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடி குறையும். வழி எளிது: கருவிகளையும் கேனையும் பிக்கப்பிலிருந்து இறக்கி, டிரெய்லரில் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். மூக்குப் பாரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிக்கப்பின் கணக்கு 569-க்கு இறங்கிவிடும்.

ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். டிரெய்லர் 4,600 கிலோவுக்குள்ளும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை 11,000 கிலோவுக்குள்ளும் இருக்கும்வரை சாதாரண கார் ஓட்டும் ஜி லைசென்ஸ் போதும். ஆனால் உங்களுடையது தொழில் வண்டி. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டுவதால் சி.வி.ஓ.ஆர். என்ற வணிக வண்டி இயக்குநர் பதிவும் ஆண்டுப் பரிசோதனையும் வேண்டும். வழியில் நிறுத்திக் கேட்டால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: புதிதாக பிரேக் கன்ட்ரோலர் பொருத்தினேன். சில நேரம் டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்கிறது. சில நேரம் பிரேக் இருப்பதே தெரியவில்லை. 'கெயின்' எவ்வளவு வைக்க வேண்டும்?
— வாசகர், ஸ்காபரோ

கன்ட்ரோலர் டிரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்ப வேண்டும் என்பதுதான் கெயின். எல்லா வண்டிக்கும் பொருந்தும் எண் கிடையாது. பாரத்துக்குத் தக்கபடி நீங்களே பிடிக்க வேண்டியதுதான். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிக்கொண்டு, காய்ந்த, சமமான, ஆளில்லாத சாலைக்குப் போங்கள். முதலில் நாலைந்து முறை நிறுத்தி பிரேக்கைச் சூடாக்குங்கள். குளிர்ந்த பிரேக்கில் வைத்த அளவு பிறகு ஒத்துவராது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது காலால் பிரேக்கை மிதிக்காமல், கன்ட்ரோலரில் உள்ள கை நெம்புகோலை மட்டும் முழுக்கத் தள்ளுங்கள். டிரெய்லர் பின்னால் பிடித்து இழுப்பது தெரியவேண்டும். தெரியாவிட்டால் கெயினைக் கூட்டுங்கள். சக்கரம் பூட்டினால் குறையுங்கள். பூட்டுவதற்குச் சற்றுக் கீழே எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. பூட்டிய சக்கரம் சறுக்கும், சறுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி இருக்காது, டிரெய்லர் குறுக்கே திரும்பும்.

சில நேரம் இப்படி, சில நேரம் அப்படி என்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாரம்தான். வேலை முடிந்து காலி டிரெய்லரோடு திரும்பும்போது காலையில் வைத்த கெயின் அதிகம். மழை, பனி என்றாலும் குறைக்க வேண்டும். பாரம் மாறாமலே இப்படி நடந்தால் வயரைச் சந்தேகியுங்கள். அடுத்த பதில் உங்களுக்கும்தான்.

டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவைப் புதிதாக மாற்றியிருந்தால் அது டிரம்மோடு படியும்வரை பிரேக் மந்தமாகத்தான் இருக்கும். கை நெம்புகோலால் 65-இலிருந்து 30-க்கு இருபது முறை குறைத்து ஓட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறவிட்டு. அதற்கு முன்னால் கெயினை ஏற்றி வைத்தால், படிந்த பிறகு பூட்ட ஆரம்பிக்கும்.

கேள்வி: நான்கு சக்கரத்திலும் மின்காந்த பிரேக். ஆனால் பாதிதான் பிடிப்பதுபோல் இருக்கிறது. எதை மாற்றுவது?
— வாசகர், கால்கரி

எதையும் மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். டிரெய்லர் பக்க நீல வயரில் ஆம்ப் மீட்டரைத் தொடராக இணைத்து, பிரேக்கை முழுக்கக் கொடுங்கள். 10 அல்லது 12 அங்குல பிரேக்கின் காந்தம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 ஆம்ப் இழுக்கும். நான்குக்கும் 12 வரவேண்டும். 9 காட்டினால் ஒரு காந்தம் போய்விட்டது. 6 என்றால் ஒரு அச்சு முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்கலாம். அச்சுக் குழாய்க்குள் ஓடும் வயர் உரசி அறுவது ரொம்ப சகஜம். எல்லாமே குறைவாகக் காட்டினால் வெள்ளை எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள்; சாலை உப்பு அங்கேதான் முதலில் தின்னும். சந்தேகமான காந்தத்தைக் கழற்றி ஓம் மீட்டரில் வைத்தால் 3 ஓமை ஒட்டி வரவேண்டும்.

மின்சாரம் சரி என்றால் டிரம்மைத் திறங்கள். கிரீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மீறி அடித்தவர்கள் வண்டியில் சீல் பிதுங்கி ஷூ முழுக்கக் கிரீஸ் படிந்திருக்கும். துடைத்துப் பயனில்லை, உறிஞ்சிவிட்டது, ஷூ மாற்றத்தான் வேண்டும். சுத்தமாக இருந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பின்தட்டுத் துளை வழியே அந்த இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தை, டயரைக் கையால் சுற்றவே கஷ்டமாகும்வரை இறுக்குங்கள். பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். புதிய ஷூவுக்கு முதல் 300 கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் 5,000-க்கு ஒருமுறை.

கேள்வி: 100 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய?
— வாசகர், ஹியூஸ்டன்

கால் பிரேக்கைத் தொடாதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கை நெம்புகோலால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கொடுங்கள். பின்னால் இழுத்தால் அது தானாக நேராகும்.

நின்ற பிறகு பாரத்தைப் பாருங்கள். வாலாட்டத்துக்கு முதல் காரணம் மூக்குப் பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே போவது. பாரத்தில் சுமார் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும், மூக்கில் 10 முதல் 15 சதவீதம் வரட்டும்.

கேள்வி: டிரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்கவைக்கும் கம்பியைச் சங்கிலியோடு மாட்டலாமா?
— வாசகர், மிசிசாகா

கூடாது. சங்கிலியிலோ, கழற்றிப் போடும் ஹிட்ச் இரும்பிலோ மாட்டினால், அந்த இரும்பே கழன்றுவரும் நாளில் கம்பியும் கூடவே வந்துவிடும். டிரெய்லரின் பிரேக் சுவிட்சில் செருகியிருக்கும் ஊசி இழுபடாது, பிரேக் பிடிக்காது. பிக்கப்பின் சட்டத்தோடு நேரடியாக மாட்டுங்கள். சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். மூக்கு விழுந்தாலும் தரையில் குத்தாமல் தாங்கும். மாதம் ஒருமுறை ஏழு முனைப் பிளக்கைக் கழற்றிவிட்டு ஊசியை இழுத்து, பிக்கப்பை மெல்ல நகர்த்துங்கள்: சக்கரம் பூட்ட வேண்டும். உடனே ஊசியைத் திரும்பச் செருகுங்கள், இல்லையென்றால் பாட்டரி காலி.

கேள்வி: ஹிட்ச்சில் 2 அங்குல பந்து, அதன் மேல் கவியும் டிரெய்லர் கப்ளர் 2 5/16 அங்குலம். பூட்டு விழுகிறதே, ஓட்டலாமா?
— வாசகர், மார்க்கம்

பூட்டு விழும், முதல் பள்ளத்தில் தூக்கிப் போட்டுவிடும். பந்தின் தலையிலும் கப்ளரின் மேலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் வண்டியை எடுங்கள். பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கியால் மூக்கை மேலே தூக்குங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் சரியாக விழுந்திருக்கிறது.