ஏரித் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் மாதிரி ஆகிவிட்டது, மயில்துத்தம் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஏரியை மீன்பாசி குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கரைத்ததுபோல் இருக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி செத்துவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். அத்தனை பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை மீன்கள்தான் மிதக்கும்.

முதலில் அது என்ன பாசி என்று பாருங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஏரித் தண்ணீரை முக்கால் பாகம் எடுத்து, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை முழுவதும் பாலேடுபோல் மேலே கட்டி, கீழே தண்ணீர் தெளிந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசி, பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை. அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால்தான் மிதக்கிறது. கரையோரக் கல்லில் அது காய்ந்த இடம் நீலச்சாயம் பூசியதுபோல் தெரியும். அப்படி இருந்தால் ஆடுமாடுகளை அங்கே தண்ணீருக்கு விடாதீர்கள். அதில் கல்லீரலைத் தாக்கும் நச்சு இருக்கக்கூடும். துத்தம் போட்டால் செல் உடைந்து அந்த நச்சு மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். நான் தடுப்பதற்கு இது இன்னொரு காரணம்.

பச்சை மேலே ஏறாமல் கலந்தே நின்றாலோ அடியில் படிந்தாலோ, அது மீனுக்கு உதவும் பச்சைப்பாசியாக இருக்கலாம். ஆனாலும் அளவு மிஞ்சினால் அதுவும் ஆபத்துதான். கறுப்பு வெள்ளை அடித்த 20 செ.மீ. தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் நல்லது. 20-க்குள்ளேயே மறைந்தால் பாசி அதிகம். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே பாசி, இரவெல்லாம் அதை மூச்சுக்கு எடுத்துக்கொள்கிறது. விடியலில் மீன் வாய் பிளப்பது அதனால்தான்.

இப்போதைக்குத் தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். இரவு இரண்டு மணியிலிருந்து வெயில் வரும்வரை மோட்டார் வைத்துத் தண்ணீரை ஏரிக்குள்ளேயே வாரி இறையுங்கள், காற்று கலக்கட்டும். காற்று ஒதுக்கும் கரையில் சேரும் பாசி ஏட்டைக் கையுறை போட்டுக்கொண்டு துணிவலையால் வழியுங்கள். பெரிய மீன்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறையுங்கள். சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு) பாருங்கள், 8.5-ஐத் தாண்டியிருந்தால் வேண்டாம். காரம் கூடினால் அம்மோனியாவின் நச்சும் கூடும்.

இவையெல்லாம் முதலுதவிதான். சாக்கடையும், சோப்புத் தண்ணீரும், வயலிலிருந்து கழுவி வரும் டிஏபி உரமும் கொண்டுவரும் பாஸ்பரஸே இதற்கு மூலம். கனடாவின் ஒன்டாரியோவில் 1973-இல் ஓர் ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாக்கி, இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். பாஸ்பரஸும் சேர்த்த பக்கம் மட்டும் நீலப்பச்சைப் பாசியால் மூடிக்கொண்டது. ஆகவே ஊராட்சியில் பேசி, சாக்கடை ஏரிக்குள் விழும் வாயைத் திருப்புங்கள். அடிச்சேற்றிலும் பாஸ்பரஸ் தேங்கியிருக்கும். கோடையில் ஏரி வற்றியதும், வட்டாட்சியர் அனுமதியோடு அந்த வண்டலை அள்ளி வயலில் கொட்டுங்கள்.