ஹேக்கிங் தெரியாமல் சைபர் செக்யூரிட்டிக்குப் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்து, வண்ணார்பேட்டையில் ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீஸில் மூன்று வருடமாக ஏ.ஆர். காலராக (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் நிலுவைப் பணத்தைப் போனில் கேட்டு வாங்கும் வேலை) இருக்கிறேன். சென்னையில் ஒரு சைபர் செக்யூரிட்டி கன்சல்டிங் கம்பெனியில் ஜூனியர் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. எனக்குக் கோடிங் வராது. அறுபதாயிரம் ரூபாய் கட்டி எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸில் சேரட்டுமா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பணத்தை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள், தங்கச்சி. பூட்டை உடைத்துப் பார்க்கிற சோலிக்கு அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் வேலை தடைபடாமல் நடப்பதைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் நாற்பது சர்வர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் டெஸ்டர்கள் இரண்டு பேரும் தயாராக உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் வெளியாரை உள்ளே விடாமல் தடுக்கும் வாடிக்கையாளரின் ஃபயர்வாலில் எங்கள் ஐ.பி. முகவரிக்கு இன்னும் வழி விடவில்லை. வழி விட வேண்டியவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதில் யார் என்று நான் கேட்டும் வைக்கவில்லை. மூன்று நாள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட் கொடுக்கும் தேதி மட்டும் நகரவில்லை!

அதிலிருந்து முந்தின வியாழக்கிழமையே எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன். எந்தெந்த சர்வர், எந்த நேரம், ராத்திரி ஏதாவது நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வது, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டதா. அந்தக் கடிதம் சும்மா சம்பிரதாயம் இல்லை. உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 நம் மேலேயே பாயும்.

உங்கள் பழைய வேலையை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள். பணம் தராத இன்ஷூரன்ஸ் கம்பெனியை ராத்திரி ஷிஃப்டில் கூப்பிட்டு, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார், மறுபடி எப்போது கூப்பிட வேண்டும் என்று குறித்து வைக்கிறீர்களே, ஆடிட் வேலையில் வாடிக்கையாளரிடம் ஆதாரம் கேட்டுத் துரத்துவதும் அதேதான். எக்ஸெல் தலைப்பு மட்டும் மாறும். போனை லாக்கரில் வைத்துவிட்டு, மேஜையில் பேப்பர்கூட இல்லாமல் உட்கார்கிறீர்கள் இல்லையா? தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001இன் 2022 பதிப்பில் உள்ள 93 கட்டுப்பாடுகளில் ஒன்று இந்த ‘காலி மேஜை’. மற்றவற்றின் தலைப்புகளையாவது படித்துவிட்டுப் போங்கள்.

சரி, பயிற்சிக்கு ஒன்று. 2019இல் நம் மாவட்டத்துக் கூடங்குளத்தில், இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் மால்வேர் என்ற தீங்கு செய்யும் மென்பொருள் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டமைப்பு தனி, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் கழகத்துக்குத் தகவல் சொன்னது செப்டம்பர் 4. கழகத்தின் அறிக்கை வந்தது அக்டோபர் 30. அந்தச் செப்டம்பர் 4 காலையில் நீங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் என்றால் யாரிடம் என்னென்ன கேட்டிருப்பீர்கள்? ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இப்போது கெடு இன்னும் நெருக்கம். 2022இல் வந்த உத்தரவுப்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும்.

சான்றிதழ் அப்புறம். ஆசை இருந்தால் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டில் ஆரம்பநிலைச் சான்றிதழான கேப்எம் (CAPM) எழுதுங்கள். அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும். அதற்கு மேல்நிலையில் இருக்கும் பிஎம்பிக்கு (PMP) வருடக்கணக்கில் அனுபவம் கேட்பார்கள், இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

“வாடிக்கையாளர் பதிலே தரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று இன்டர்வியூவில் அநேகமாகக் கேட்பார்கள். அங்கே புத்தகத்தில் படித்ததைச் சொல்லாதீர்கள். நாலு தடவை தட்டிக்கழித்த ஒரு கிளெய்மை ஐந்தாவது தடவை எப்படி வாங்கினீர்கள் என்று, பேர் ஊர் சொல்லாமல், சொல்லுங்கள்.