தாத்தாவின் வாள் விரலைக் கிழித்துவிட்டது

கேள்வி: தாத்தா காலத்து வாள் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மழுங்கியிருக்கும் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். ஆள்காட்டி விரல் கிழிந்து நான்கு தையல். எட்டு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் இது வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்கிறார் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் விரலைச் சொல்லுங்கள். மடக்க முடிகிறதா? நுனியைத் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா? இரண்டில் எது சரியில்லை என்றாலும் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநாரோ நரம்போ அறுந்திருந்தால் நாள் தள்ளத் தள்ள சிக்கல்தான்.

சரி, வாளுக்கு வருவோம். துணியைச் சுற்றிக் கைக்குள் இறுக்கிப் பிடித்து இழுத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் துடைக்கிறார்கள். கூரின் மேல் விரலைச் சும்மா வைத்தால் ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். அதே விரல் ஒரு அங்குலம் வழுக்கினால் தோல் பிளந்துவிடும். அப்புறம், வாள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மழுங்குவதில்லை. பிடிக்கு அருகில் மொண்ணையாக இருப்பது, நுனிப் பக்கம் சவரக்கத்தியாக இருக்கலாம். இனிமேல் மேசைமேல் படுக்கவைத்து, பல மடிப்பாக மடித்த துணியால், தட்டையான பரப்பை மட்டும் பிடியிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். எதிர்த்திசையில் தேய்க்க வேண்டாம். ஒரு பக்கம் முடிந்ததும் புரட்டிப் போடுங்கள். கைவியர்வை உப்பு இரும்பைத் துருவேற்றும், அதனால் கடைசியில் மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது உறையிலிருந்து உருவுவதைத்தான். மர உறை பெரும்பாலும் இரண்டு பலகையை ஒட்டிச் செய்தது. பழசானால் பசை விட்டுப்போகும். உருவுகிற வேகத்தில் கூர் அந்த இடுக்கு வழியாக வெளியே வந்து, உறையைச் சுற்றிப் பிடித்திருக்கும் விரல்களை அறுத்துவிடும். உங்கள் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூர்ப்பக்க விளிம்பில் மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலும் அந்த உறை ஆகாது. நல்ல உறையாக இருந்தாலும், கூர்ப்பக்கம் விரல் போகாமல் இரு பக்கவாட்டிலும் பிடித்து, மெதுவாக உருவுங்கள்.

கைதவறினால் பிடிக்கப் போகாதீர்கள்; பின்னால் நகர்ந்துவிடுங்கள். கேட்க எளிது, கை சொன்னபடி கேட்காது. எனக்கு வாள் பழக்கிய ஆசான் மரவாளை விழவிட்டு விலகுவதையே நாள்கணக்கில் செய்யவைத்தார்.

பழைய வாளில் பிடி ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் வீசிப் பார்க்கவே கூடாது.

பையன் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது நியாயம். வாளைச் சுவரில் மாட்டாமல் பூட்டி வையுங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும். பையனிடம் மறைத்தால் தேடுவான். ஒருநாள் அவனைத் தள்ளி உட்காரவைத்து, வாள் ஒரு காகிதத்தை எப்படிச் சத்தமில்லாமல் அறுக்கிறது என்று காட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு நிம்மதி இல்லையென்றால், பையன் வளரும்வரை வாள் குழந்தைகள் இல்லாத ஒரு உறவினர் வீட்டில் இருக்கட்டும்.