அந்த 'நல்லவன்' யார்?

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் உள்ள உரிமை. இதில் நிறம் எங்கே வந்தது? எதற்கெடுத்தாலும் இனவெறி என்கிறார்களே? - ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஏட்டில் நிறம் இல்லைதான். மேடையிலும் யாரும் நிறத்தைச் சொல்வதில்லை. "துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்க, துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவனால்தான் முடியும்" என்றார் 2012-இல், துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வேய்ன் லாப்பியர். சரி, அந்த நல்லவன் யார்?

மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்று ஒருவர் இருந்தார். வயது 32, கறுப்பினத்தவர். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளர். எந்தக் குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு மனப்பாடம். முறையாக லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தார். 2016 ஜூலை 6 இரவு அவருடைய காரைப் போலீஸ் மறித்தது. பின்விளக்கு எரியவில்லை என்று அவரிடம் சொன்னார்கள். ஆனால் நிறுத்துவதற்கு முன்பே அந்த அதிகாரி வயர்லெஸ்ஸில், ஓட்டுபவர் ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுபவர் போல இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். அடையாளம்? அகலமான மூக்கு!

போலீஸ் வண்டி கேமரா பதிவை நான் இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை முடியவில்லை. "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, சொல்லிவிட வேண்டும்" என்கிறார் காஸ்டில், அவ்வளவு பணிவாக. "அதை எடுக்காதே" என்கிறார் அதிகாரி. "எடுக்கவில்லை" என்கிறார் இவர். சில நொடிகளில் ஏழு குண்டுகள். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அடுத்த ஆண்டு அதிகாரி விடுதலையானார்.

துப்பாக்கி உரிமைக்காக ஊரைக் கூட்டும் சங்கம், லைசென்ஸ் வைத்திருந்தவர் சாகும்போது கொதித்திருக்க வேண்டாமா? அவர் பெயரைக்கூடச் சொல்லாமல், முழு விசாரணை தேவை என்று ஒரு சின்ன அறிக்கை விட்டது. அவ்வளவுதான்.

இது புதிதும் இல்லை. 1967 மே மாதம் கறுப்பின உரிமை இயக்கமான பிளாக் பாந்தர்கள் துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்தத் தடை விதிக்கும் மசோதாவை எதிர்த்துத்தான் வந்தார்கள். மசோதா சட்டமானது. கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரொனால்ட் ரீகன். தேசிய ரைஃபிள் சங்கமும் அன்று அதை ஆதரித்தது. அதே சங்கம் 1980-இல் அதே ரீகனை ஜனாதிபதித் தேர்தலில் ஆதரித்தது. ஆள் மாறினால் கொள்கை மாறும் என்பது நம்மூருக்கு மட்டுமே சொந்தமானதல்ல.

கேள்வி: அப்படியானால் கறுப்பினத்தவர் எல்லோரும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைத்தானே கேட்பார்கள்? - ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லையம்மா. சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2010-இல் ஜெயித்த ஓட்டிஸ் மெக்டொனால்டு கறுப்பினப் பெரியவர். வீட்டில் திரும்பத் திரும்பத் திருட்டு. பொறுக்க முடியாமல் வழக்குப் போட்டார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான அடிமைகளின் துப்பாக்கிகளைத் தேடிப் பறித்த கதை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அகிம்சைக்காரரான மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருமுறை துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார். 1956-இல் மாண்ட்கமரியில் அவர் வீட்டில் குண்டு வீசிய பிறகு. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தபோது வீசிய குண்டு. அலபாமா அதிகாரிகள் லைசென்ஸ் தரவில்லை.